அச்சகத்துக்கு ஒரு நடை முன்பே

வணக்கம் நேயர்களே.

கல்யாணப் பத்திரிகையோ, சாயல்குடிக் கருப்பட்டிக்கு லேபிளோ, கணினியில் எல்லாம் வடிவமைத்து முடித்த பிறகுதான் நம்மில் பலர் அச்சகத்துப் படியேறுகிறோம். அதற்கு முன்பே ஒரு நடை போய்விடுங்கள். எந்த முறையில் அச்சடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் எழுத்தின் அளவையும் நிறத்தையும் எப்படி முடிவு செய்ய முடியும்?

முதலில் எத்தனை பிரதி என்று பாருங்கள். நூறு, இருநூறு என்றால், கணினியிலிருந்து நேரே தாளில் அடிக்கும் டிஜிட்டல் போதும். ஆயிரத்தைத் தாண்டினால், பிளேட் என்னும் அச்சுத் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட். பல வண்ணப் படத்துக்கு அதில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என 4 பிளேட் வேண்டும். ஐம்பது அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் பிளேட் செலவு அதேதான். அதனால் பிரதி கூடக் கூட ஒன்றின் விலை இறங்கும்.

கீழக்கரைப் பக்கம் நிக்காஹ் பத்திரிகைக்குக் கரும்பச்சை அட்டையில் தங்க எழுத்து கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் கவனம் வேண்டும். ஆஃப்செட் மை மெல்லியது, அடியில் இருக்கும் நிறத்தை மறைக்காது. கரும்பச்சையில் மஞ்சள் அடித்தால் கண்ணுக்கே தட்டாது. அதற்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, அதன் மேல் மை, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. மை கனமாக உட்காரும். விரலால் தடவினால் எழுத்து மேடாகத் தட்டுப்படும். எனக்கு ரொம்பப் பிடித்த முறை இது. ஆனால் தமிழ் எழுத்து பொடியாக இருந்தால் ‘ண’வின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி விழாமலே போகும். மாப்பிள்ளை பெயர் பெரிதாக இருப்பதால் தப்பித்துவிடும், அடியில் இருக்கும் முகவரிதான் மாட்டிக்கொள்ளும். ஆகவே முகவரியையும் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். நிறமும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சட்டம், தனி இழுப்பு. கண்ணாடி போன்ற பளபளப்பு வேண்டுமென்றால், மினுங்கும் மெல்லிய படலத்தை அழுத்தி ஒட்டும் ஃபாயில் இருக்கிறது, செலவு கூடும்.

லேசர் டிஜிட்டலில் டோனர் என்னும் மைப்பொடி தாளுக்குள் இறங்காமல் மேலேயே படிந்திருக்கும். தடித்த அட்டையை அப்படியே மடித்தால் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். மடிப்பு வரும் இடத்தில் அடர்நிறம் வைக்காதீர்கள், மடிப்புக் கோட்டை முன்பே அழுத்திப் பதிக்கும் கிரீஸிங் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மண்டபம், பாம்பனில் கருவாட்டுப் பாக்கெட்டுக்கு வீட்டு இங்க்ஜெட்டில் லேபிள் எடுப்பவர்கள் கவனியுங்கள். ஈரக்கை பட்டால் அந்த மை பெரும்பாலும் கலைந்துவிடும். லேசரில் எடுத்து, மேலே லேமினேஷன் போட்டால் தாங்கும்.

அப்புறம், நம் கடலோரக் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து ஓரம் நெளியும், இரண்டாவது நிறம் முதல் நிறத்தோடு பொருந்தாமல் விலகும். மையும் சீக்கிரம் காயாது. காயாத அட்டைகளை அடுக்கினால் ஒன்றின் மை அடுத்ததன் முதுகில் ஒட்டும். அந்த மாதங்களில் நாளைக்கே வேண்டும் என்று அச்சகத்துக்காரரை நெருக்காமல் இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள். மாதிரியை மொபைலில் பார்த்துச் சரி சொல்லிவிடாமல், அதே அட்டையில் ஒன்று அடித்துக் காட்டச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.