மா என்னும் ஓரெழுத்துச் சொல்

(யாங்கோனில் தமிழ் வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பர்மாவில் வாழும் நம் காதில் 'மா' என்ற ஒலி விழாத நாளே கிடையாது. கடையில் ஒரு பொருளைக் கேட்கிறோம். இருப்பில் இல்லையென்றால் 'மஷீபூ' என்று விடை வருகிறது. அதன் முதலில் நிற்கும் 'ம' எதிர்மறை. நம் வயதை ஒத்த பெண்ணின் பெயருக்கு முன்னால் மரியாதைக்காக 'மா' சேர்க்கிறோம். அவருக்கே வயது ஏறிய பின் அது 'டோ' ஆகிவிடுகிறது. தமக்கையைப் பர்மியர் 'அமா' என்று அழைக்கிறார்கள். பெண் விலங்கின் பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டுவதும் 'மா' தான். கெட்டியாக இருப்பது மா, பளுவைத் தூக்குவது மா, ஒற்றைப்படை எண்ணும் மா. தமிழ்க் காது இவை எல்லாவற்றையும் ஒரே ஒலியாக வாங்கிக்கொள்கிறது. பர்மியக் காதோ தொண்டையை இறுக்கிச் சட்டென்று நிறுத்தும் 'மா'வையும், தாழ்ந்து நீளும் 'மா'வையும், எதிர்மறையில் தேய்ந்து ஒலிக்கும் 'ம'வையும் வெவ்வேறாகவே கேட்கிறது.

இந்த ஒற்றை ஒலியைக் கையில் வைத்துக்கொண்டு நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். இரண்டு மொழிகளில் ஒரு சொல் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதனால் அவை உறவு மொழிகள் என்று சொல்லிவிட முடியாது. மெய்யாகவே உறவு உள்ள இடத்தில், காலம் ஒலியை மாற்றிவிட்டிருப்பதால், அந்த உறவு பெரும்பாலும் காதுக்குத் தெரிவதே இல்லை. உலக மொழிகள் யாவும் தமிழிலிருந்து பிறந்தன என்று காட்ட ஒலி ஒத்த சொற்களை அடுக்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருவதால் இதை விரிவாகப் பேச விரும்புகிறேன். தமிழின் மேல் எனக்குள்ள பற்று யாருக்கும் குறைந்ததன்று. அந்தப் பற்றினாலேயே, தமிழைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொன்றும் சோதனைக்கு நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

முதலில் நம் வீட்டு 'மா'வைப் பார்ப்போம். ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை நாற்பத்திரண்டு என்று நன்னூலில் பவணந்தியார் கணக்கிட்டார். அவற்றுள் மகர வரிசைக்கு மட்டும் ஆறு இடம் கிடைத்தது: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் 'மா'வுக்குள்ள பொருள் வளம் மற்றவற்றுக்கு இல்லை. மா என்பது மரம். யாப்பில் தேமா, புளிமா என்று சீருக்கு வாய்பாடாக வந்து நிற்பதும் அந்த மரமே. மா என்பது விலங்கு. 'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்று தொல்காப்பியம் சொல்லும்போது அந்தப் பொருளில் வருகிறது. சங்கப் பாடல்களில் குதிரையைச் சிறப்பாகக் குறிக்கவும் வரும். கலிமா என்றால் துள்ளும் குதிரை. மாநகர் என்கையில் பெருமை. அரைத்த அரிசியும் மா. அளவையில் இருபதில் ஒரு பங்கும் மா. தஞ்சைப் பகுதியில் நிலம் அளந்தவர்கள் இருபது மா சேர்ந்தது ஒரு வேலி என்றார்கள். ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கான அந்த நிலத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், அது வேலியில் இருபதில் ஒன்று. பின்னத்தின் பெயரே நிலத்தின் பெயராகிவிட்டது. ஆகவே இந்த இரண்டு 'மா'வும் ஒன்றே. மரமும் மாவும் அப்படி அல்ல. அவை ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை.

ஒலி ஒன்றான இவற்றைத் தமிழ் எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பது நான் மிகவும் வியக்கும் இடம். பர்மிய மொழி குரலின் ஏற்ற இறக்கத்தால் பிரிக்கிறது. தமிழ் புணர்ச்சியால் பிரிக்கிறது. மரமாக இருந்தால் வரும் சொல்லுக்கு முன் மெல்லினம் தோன்றும்: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு, மாந்தளிர். அரைத்த மாவாக இருந்தால் வல்லினம் மிகும்: மாக்கோலம். வாசலில் இடும் மாக்கோலத்தை எவரும் மாங்கோலம் என்று சொல்வதில்லை. இலக்கணம் படிக்காத பாட்டியின் வாயிலும் இந்த வேறுபாடு பிசகுவதில்லை. மாணவர்கள் புணர்ச்சி விதிகளைத் தேர்வுக்கான சுமையாக எண்ணுகிறார்கள். பொருளைக் காக்கும் வேலையை அந்த விதிகள் செய்வதைக் காட்ட 'மா'வை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் வழிபாட்டு இடங்களுக்குச் செல்வோம். கீதையின் சரம சுலோகம் 'மா சுச:' என்று முடிகிறது. வருந்தாதே என்பது பொருள். இங்கே மா என்றால் 'செய்யாதே' என்னும் விலக்கு. 'அஸதோ மா ஸத் கமய' என்ற உபநிடத வேண்டுதலில் வரும் மாவோ 'என்னை' என்று பொருள்படும். பொய்ம்மையிலிருந்து என்னை மெய்ம்மைக்கு நடத்து என்று அது வேண்டுகிறது. ஒரே வடமொழிக்குள் இரண்டு மா. பௌத்த மடாலயங்களில் ஓதப்படும் பாலியிலும் விலக்கு மா உண்டு. காலாமர் என்ற குடியினருக்குப் புத்தர் உரைத்த அறிவுரை 'மா அனுஸ்ஸவேன, மா பரம்பராய' என்று தொடங்கி, செவிவழிச் செய்தி என்பதற்காகவோ பரம்பரையாக வந்தது என்பதற்காகவோ ஒன்றை ஏற்காதீர்கள் என்கிறது. நம் சூலியா முஸ்லிம் சகோதரர்கள் வியந்து 'மாஷா அல்லாஹ்' என்கிறார்களே, அதிலுள்ள அரபு மாவுக்கு 'எது' என்று பொருள். அதே அரபியில் 'இல்லை' என்று மறுக்கும் மாவும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். வடமொழியின் மா மறுக்கிறது. அரபு மா மறுக்கிறது. பர்மிய 'ம' மறுக்கிறது. ஒலியும் ஒன்று, பொருளும் ஏறக்குறைய ஒன்று. மூன்றும் ஒரு வேரிலிருந்து வந்தவை என்று எண்ணத் தோன்றுவது இயல்பே. ஆனால் வரலாறு வேறு வழி காட்டுகிறது. வடமொழி மாவுக்கு உறவு பழைய கிரேக்கத்தின் 'மே'. இரண்டும் இந்தோ ஐரோப்பியக் குடும்பம். பர்மிய 'ம'வுக்கு உறவு திபெத்திய 'ம'. அத்துடன், நம் யாங்கோன் சீனத் தெருவில் கான்டனீஸ் பேசுவோர் இல்லை என்பதற்குச் சொல்லும் 'மோ'வும் அந்த வழியில் வந்ததே. சீன எழுத்தில் பழங்காலத்தில் 'ம' என்று ஒலித்த ஒரு சொல், நூற்றாண்டுகள் கடந்து அவர்கள் வாயில் 'மோ' ஆகியிருக்கிறது. அரபியோ செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது, காதுக்கு ஒன்றாகப் படும் மூன்றும் மூன்று குடும்பங்கள். காதுக்கு வேறாகப் படும் 'ம'வும் 'மோ'வும் ஒரே குடும்பம்.

சீனத்தின் பொதுமொழியில் குரல் மாற மாற மா என்பது அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று மாறுகிறது. வாக்கியத்தின் இறுதியில் மெல்லச் சேர்த்தால் கேள்வியாகவும் ஆகிறது. வியட்நாமிய மொழியில் ஆறு குரல்களில் பேய், ஆனால், அம்மா, கல்லறை, குதிரை, நாற்று. தாய்லாந்து மொழியில் வருவதும் மா, குதிரையும் மா, நாயும் மா. பின்னிய மொழியில் நிலம், ஹங்கேரிய மொழியில் இன்று, எஸ்தோனிய மொழியில் நான், இத்தாலியத்தில் ஆனால், பிரெஞ்சில் பெண்பால் சொல்லுக்கு முன் என்னுடைய, எபிரேயத்தில் என்ன, ஜப்பானியத்தில் இடைவெளி, மண்ணில் புதைந்துபோன சுமேரிய மொழியில் படகு.

இவ்வளவு இடங்களில் இந்த ஒலி ஏன் என்றால், அது வாய்க்கு மிக எளியது. உதட்டை மூடி மூக்கு வழியாக ஒலித்து, பிறகு வாயைத் திறந்தால் மா. மகர மெய் இல்லாத மொழிகள் மிகச் சில. அகரம் இல்லாத மொழி அரிதினும் அரிது. உலகில் ஏறக்குறைய 7000 மொழிகள் வழங்குகின்றன. எந்த மொழியிலும் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்து உண்டாகும் எளிய அசைகள் சில நூறைத் தாண்டுவது அரிது. சொல்ல வேண்டிய பொருள்களோ எண்ணில் அடங்காதவை. எனவே அந்தச் சில நூறு அசைகளையே எல்லா மொழிகளும் திரும்பத் திரும்ப எடுத்தாள வேண்டியிருக்கிறது. நீண்ட சொற்களில்கூடத் தற்செயல் நிகழும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை, அது 'குடக' என்பது போன்ற பழைய வடிவத்திலிருந்து தேய்ந்து வந்தது என்பதை மொழியியலாளர் டிக்சன் விளக்கினார்.

கொரிய மொழியில் தாயை 'ஒம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைப்பதைத் தொலைக்காட்சித் தொடர்களில் கேட்ட நம் பிள்ளைகள், அது தமிழ் தானே என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி, அதற்குத் தக்க விடை இருக்கிறது. 1959இல் மானிடவியலாளர் மர்டாக் உலகெங்குமிருந்து தாய் தந்தையரைக் குறிக்கும் 1072 சொற்களைத் தொகுத்தார். உறவில்லாத மொழிகளிலும் தாய்க்கு ம, ந ஒலிகளும் தந்தைக்கு ப, த ஒலிகளும் மிகுந்து வருவது அதில் தெரிந்தது. காரணத்தை ரோமன் யாக்கப்சன் ஆராய்ந்து சொன்னார்: பால் குடிக்கும் குழந்தையின் உதடுகள் மூடியிருக்கையில் மூக்கு வழியாக எழக்கூடிய ஒலி மகரம், பிறகு பாலை வேண்டியும் அதே ஒலியை எழுப்புகிறது, தாய் அதைத் தன் பெயராக ஏற்றுக்கொள்கிறாள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு மொழியிலும் புதிதாக உண்டாகக்கூடிய சொல் இது. ஆதலால் மொழி உறவை நிறுவ அது பயன்படாது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பித்ஜந்த்ஜத்ஜாரா மொழியிலும் மாமா தந்தையே. நம் மொழியில் மாமா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது குதிரைக்கு வருகிறேன். சங்கத் தமிழில் குதிரை மா. சீனத்தில் குதிரை மா. ஒலி, பொருள் இரண்டும் முழுமையாகப் பொருந்துகின்றன, ஆயினும் உறவில்லை. பர்மியத்தில் குதிரை 'மியின்'. காதுக்குச் சீன மாவோடு இது பொருந்தவே இல்லை. ஆனால் உறவு இங்கேதான் இருக்கிறது. பர்மிய எழுத்தில் இந்தச் சொல்லை எழுதிப் பாருங்கள். மகரத்தைச் சூழ்ந்து நிற்கும் அடையாளம் யகரத்துக்கு உரியதன்று, பழைய ரகரத்துக்கு உரியது. ஆகவே பழைய ஒலிப்பு 'ம்ரங்'. சீனத்தின் பழைய வடிவமும் 'ம்ர' என்றே தொடங்கியது என்று ஆய்வாளர் மீட்டுக் காட்டுகின்றனர். பழைய ரகரம் இன்றும் ஒலிக்கிறதா என்று அறிய நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ரக்கைன் பகுதிக்குச் செல்லலாம். யாங்கோன்காரர் 'மியௌக் ஊ' என்று சொல்லும் பழைய தலைநகரை அந்த ஊரார் 'ம்ரௌக் ஊ' என்றே சொல்கிறார்கள். ஒரு சொல்லில் மட்டுமன்றி, அந்த எழுத்து வரும் சொற்களிலெல்லாம் யாங்கோன் யகரத்துக்கு நேராக ரக்கைனில் ரகரம் நிற்கிறது. இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி மாற்றமே மொழியியலில் உறவுக்குச் சான்று.

நாட்டின் பெயரிலும் இதே ரகரம் உண்டு. மியன்மா என்பதை 'மியன்' விரைவு, 'மா' உறுதி என்று பிரித்து விளக்குவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 1102ஆம் ஆண்டின் மோன் மொழிக் கல்வெட்டில் அந்தப் பெயர் 'மிர்மா' என்று காணப்படுகிறது; அந்த வடிவத்தை விரைவு, உறுதி என்று பிரிக்க இடமில்லை. ஆகவே அந்த விளக்கம் பெயருக்குப் பின்னால் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

தற்செயலும் உறவும் நீங்க மூன்றாவது வழி ஒன்று உண்டு, அது கடன். நாம் நாள்தோறும் சொல்லும் 'மிங்கலாபா'வில் உள்ள மிங்கலா நம் மங்கலமே. பாலி வழியாகப் பர்மியத்துக்கும், வடமொழி வழியாகத் தமிழுக்கும் வந்த சொல். நம் மாவும் கடனாகச் சென்றதுண்டு. கேரளக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர், மலையாளத்தின் 'மாங்ங', தமிழின் 'மாங்காய்' ஆகியவற்றின் வடிவத்தை 'மாங்கா' என்று எடுத்துக்கொண்டனர். அங்கிருந்து அது ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. மரத்தைக் குறிக்கும் மாவுக்குப் பின் தோன்றும் என்று சற்று முன் சொன்னேனே, அந்த மெல்லின ஒலி ஐரோப்பிய மொழிகளிலும் அப்படியே இருக்கிறது. மரத்தின் பெயர் தனியாகச் செல்லவில்லை, காயோடு புணர்ந்தபின் சென்றது என்பதற்கு அந்த ஒலியே சான்று. பக்கத்தில் இருக்கும் பர்மியர் இந்தச் சொல்லை வாங்கவில்லை. அவர்களுக்கு மாம்பழம் 'தயெட்தீ'. பொருள் தம் மண்ணிலேயே விளையும்போது பெயரைக் கடன் வாங்கத் தேவை எழுவதில்லை.

மாணவர்கள் தமிழையும் பர்மியத்தையும் ஒருசேரக் கற்கும் பேறு பெற்றவர்கள். தமிழகத்தில் உள்ளவர்க்கு இது எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே ஒரு பணி தருகிறேன். இரு மொழிகளிலும் ஒத்து ஒலிக்கும் சொற்களைத் தேடி ஓர் ஏட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பர்மிய எழுத்துக்கூட்டலை முழுமையாக எழுதுங்கள். பாலியில் அது உண்டா என்று பாருங்கள். ரக்கைன் நண்பர் இருந்தால் அவர் எப்படி ஒலிக்கிறார் என்று கேட்டுக் குறியுங்கள். அதன் பிறகு தற்செயல், கடன், உறவு என்ற மூன்றில் எதுவென்று பென்சிலால் எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பேசுவோம்.