‘லாஸ்ட்’ தொடரின் முடிவு நிறைவே தந்தது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் விமானம் ஒரு தீவில் நொறுங்கி விழ, உயிர் தப்பியவர்களின் கதையாக 2004 செப்டம்பரில் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘லாஸ்ட்’, 2010 மே 23 அன்று முடிந்தது. அந்த முடிவு பார்வையாளர்களுக்கு நிறைவு தந்ததா, ஏமாற்றம் தந்ததா என்பதே இன்றைய வழக்கு. நிறைவே தந்தது என்பது எங்கள் அணியின் வாதம்.

எனக்கு முன் பேசிய நண்பர், “விமானம் விழுந்தபோதே எல்லோரும் இறந்துவிட்டார்கள், ஆறு சீசன்களும் வெறும் மாயை” என்று முழங்கினார். நடுவர் அவர்களே, தொடர் அப்படிச் சொல்லவே இல்லை. இறுதி அத்தியாயத்தில், தேவாலயத்தில் தன்னைச் சந்திக்கும் கதாநாயகன் ஜாக்கிடம், அவனுக்கு நேர்ந்த அனைத்தும் உண்மை என்றும், அங்கே கூடியிருப்போரில் சிலர் அவனுக்கு முன்பும் சிலர் அவனுக்கு வெகுகாலம் பின்பும் இறந்தவர்கள் என்றும் அவனைப் பெற்ற தந்தை கிறிஸ்டியன் தெளிவாகச் சொல்கிறார். தீவில் அவர்கள் வாழ்ந்தது வாழ்க்கைதான். ஆறாம் சீசனில் அதற்கு இணையாக ஓடிய கதை மட்டுமே மரணத்துக்குப் பிந்தையது. குழப்பத்துக்குக் காரணம் வேறு. பெயர்கள் ஓடும்போது, கடற்கரையில் ஆளின்றிக் கிடக்கும் விமானச் சிதைவுகளை ஏபிசி தொலைக்காட்சி காட்டியது. உருக்கமான முடிவிலிருந்து இரவுச் செய்திக்குச் சட்டென்று தாவாமல் இருப்பதற்காகத் தொலைக்காட்சி சேர்த்த காட்சி அது. அதைக் கதையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கதாசிரியர்கள்மீது பழி போடுவது எந்த வகையில் நியாயம்?

புதிர்களுக்கு விடை இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. சிறுவன் வால்ட்டின் ஆற்றல் போன்ற சில இழைகள் தொங்கலில் நின்றது உண்மைதான். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் ரசிகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் நான்காம் சீசன் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். அதில் டெஸ்மண்ட் என்ற பாத்திரத்தின் நினைவு 1996-க்கும் 2004-க்கும் இடையே அலைக்கழிகிறது. இரு காலங்களிலும் பற்றிக்கொள்ள ஒருவர் இல்லையென்றால் அவன் இறந்துவிடுவான். தன் காதலி பென்னியிடம் எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொலைபேசி எண்ணுக்குக் கிறிஸ்துமஸ் நாளுக்கு முந்தைய இரவில் அவன் அழைக்கிறான், அவள் எடுக்கிறாள். இணைப்பு அறுபடப்போகும் அவசரத்தில் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறித்துப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் காலப்பயணத்தின் அறிவியல் விளக்கத்தை நம்மில் யார் கேட்டோம்? அவள் அழைப்பை எடுக்க வேண்டுமே என்றுதானே தவித்தோம்!

இறுதி அத்தியாயமும் இதே நேர்மையோடுதான் நடந்துகொள்கிறது. மரணத்துக்குப் பிந்தைய அந்தக் கதையில், ஒரு மருத்துவமனையின் தின்பண்ட இயந்திரத்தின் முன், தீவில் காதலர்களாக வாழ்ந்த சாயரும் ஜூலியட்டும் அறிமுகமற்றவர்களாக நிற்கிறார்கள். மின்சாரம் அணைகிறது, கைகள் தொட்டுக்கொள்கின்றன, இழந்த வாழ்வு முழுவதும் ஒரு நொடியில் திரும்பி வருகிறது. முதல் அத்தியாயத்திலிருந்தே முன்கதைகளின் வழியே மனிதர்களை நம்மிடம் ஒப்படைத்த தொடர், அவர்களின் கணக்கைத்தான் முதலில் தீர்த்தது. அதுவே முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் காட்சிகளுக்கு மைக்கேல் ஜியாக்கினோவின் இசை என்ன செய்தது என்பதை எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் எடுத்துரைப்பார். அவருக்கு வழிவிட்டு அமர்கிறேன், நன்றி.