அளந்து விழுந்த குத்தும் அளக்காமல் போன பணமும்

(குத்துச்சண்டைப் பயிற்சியாளர், வீரர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, நடுவர் குழுவின் மூத்தவர்களே, ரிங்கின் ஓரத்தில் காத்திருந்து கிழிந்த இமைகளைத் தைத்து அனுப்பும் மருத்துவப் பெருமக்களே, ரிங்கின் மூலையில் நின்று ஒரு நிமிட இடைவேளையில் ஒன்பது வேலை பார்க்கும் கார்னர் தோழர்களே, பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிவிட்டு வாசலிலேயே காத்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, நாளைய வீரர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பெரியவர் என் நேரத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் முத்து. அதனால் குறையில்லை. பொன்னாடை போர்த்திய மகளிர் அணிக்குத் தனியாக ஒரு நன்றி.

கனத்த எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் உலகச் சாம்பியனாக இருந்த அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். முதலாவது அவர் குத்து. இரண்டாவது அவர் காசு. மூன்றாவது, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபின் கதவை 1952-இல் சான் டியேகோவில் அவர் போய்த் தட்டியது. மூன்றுக்கும் என்னிடம் ஒரே பழமொழிதான் இருக்கிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

1914 மே 13 அன்று அலபாமாவில் பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். முழுப்பெயர் ஜோசப் லூயிஸ் பேரோ. 1926-இல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. வயலின் கற்றுக்கொள் என்று தாய் கொடுத்த காசு, பிரூஸ்டர் பொழுதுபோக்கு மையத்தில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனது. 1934 ஜூலை 4 அன்று சிகாகோவில் முதல் தொழில்முறைச் சண்டை. முதல் ரவுண்டிலேயே எதிராளி சாய்ந்தார். கூலி 59 டாலர். அந்த 59-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவரைச் செதுக்கியவர் ஜாக் பிளாக்பர்ன் என்ற பழைய லைட்வெயிட், அதாவது குறைந்த எடைப் பிரிவு, வீரர். கறுப்பின வீரனுக்குப் புள்ளிக் கணக்கில் நியாயம் கிடைக்காத காலம் அது. உன் வலது கைதான் உனக்கு நடுவர் என்பதே பிளாக்பர்னின் பாடம். லூயிஸ் ரிங்கில் துள்ளவில்லை, ஆடவில்லை. பாதத்தைத் தரையை விட்டு அதிகம் எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து முன்னேறுவார். பின்னங்காலில் தொடங்கும் தள்ளல் இடுப்பைத் திருப்பி, தோளைத் திருப்பி, கடைசியாகத்தான் முஷ்டிக்கு வரும். ஓங்கிச் சுழற்றி அடிப்பவன் தோளைப் பின்னுக்கு இழுக்கும்போதே எதிராளிக்குத் தந்தி போய்விடும். லூயிஸின் குத்து ஒரு சாண் தூரத்திலேயே வேலையை முடிக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதற்கு அந்தக் குத்துதான் உரை.

அளவு தப்பிய ஒரு இரவும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அவை அனுமதிக்க வேண்டும். 1936 ஜூன் 19, நியூயார்க், யாங்கி ஸ்டேடியம். எதிரே முன்னாள் சாம்பியன், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். முப்பது வயது தாண்டியவர், ஆட்டம் முடிந்தவர் என்று பத்திரிகைகள் எழுதிய மனிதர். லூயிஸுக்கோ 22 வயது, தோல்வியே தெரியாது. பயிற்சி முகாமில் அப்போதுதான் கோல்ஃப் பழகியிருந்தார். மனம் பாதி அங்கே போயிருந்தது. ஷ்மெலிங் மட்டும் லூயிஸின் சண்டைப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒன்றைப் பிடித்தார். லூயிஸ் ஜாப், அதாவது முன்னால் நிற்கும் இடதுகையால் நேரே விடும் சின்னக் குத்து, போட்டுவிட்டுக் கையைத் திரும்ப இழுக்கும்போது, அது போன வழியே கன்னத்துக்கு வரவில்லை. கீழே தொங்கி, அரைவட்டம் போட்டு மேலே வந்தது. கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் இடது தாடை திறந்து கிடக்கும்.

ஷ்மெலிங் ஜாப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தார். முகத்தில் வாங்கினார், கண் வீங்கியது, பரவாயில்லை என்று வாங்கினார். ஒவ்வொரு முறையும் அந்தக் கை தாழும் நேரம் பார்த்து அதற்கு மேலாக வலதுகையை விட்டார். நான்காம் ரவுண்டில் லூயிஸ் தரையைத் தொட்டார். தொழில்முறை வாழ்வில் அதுவே முதல் முறை. அதன் பிறகும் கை தாழ்ந்துகொண்டேதான் இருந்தது. ஏன்? அடி வாங்கிக் கலங்கிய தலை, பழகிய பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். சண்டைக்கு நடுவே பிழை திருத்துவது அவ்வளவு எளிதல்ல. பன்னிரண்டாம் ரவுண்டில் சாம்ராஜ்யமே சாய்ந்ததுபோல் சாய்ந்தார்.

பயிற்சியாளர்களே, அடுத்த இரண்டு ஆண்டில் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் தொழிலின் பெருமை இருக்கிறது. ஜாப் போகிற கோட்டிலேயே திரும்ப வேண்டும், போனதைவிட வேகமாகத் திரும்ப வேண்டும், முஷ்டி கன்ன எலும்பைத் தொட்ட பிறகே அடுத்த குத்து. பையில் அடிக்கும்போது இது கைகூடும், களைத்த பிறகு கெடும். ஆகவே களைத்த பிறகுதான் இதைச் சோதிக்க வேண்டும். பயிற்சியின் கடைசி ரவுண்டில் நீங்கள் குத்தை வாங்கும் மிட் கையுறையைப் பிடித்து, ஜாப் வந்த மறுகணம் வீரனின் கன்னத்தைத் தட்டிப் பாருங்கள். தட்ட இடம் கிடைத்தால் பாடம் இன்னும் ஏறவில்லை.

1938 ஜூன் 22, அதே யாங்கி ஸ்டேடியம். எழுபதாயிரம் பேர். நாஜிகள் ஷ்மெலிங்கைத் தங்கள் இனப் பெருமைக்குக் கொடியாகத் தூக்கிக்கொண்ட நேரம். லூயிஸோ அப்போது சாம்பியன். உடல் சூடேற வழக்கத்தைவிட அதிக நேரம் தனியே குத்திவிட்டு வியர்வை வழிய ரிங்கில் ஏறினார். மணி அடித்தது. கயிற்றோடு அழுத்தினார். ஷ்மெலிங் உடலைத் திருப்பிய கணம் வலதுகைக் குத்து முதுகுப்புறமாக இறங்கியது. முதுகெலும்பில் முறிவு. அவர் போட்ட அலறல் முன்வரிசை முழுக்கக் கேட்டது. மூன்று முறை விழுந்தார். ஜெர்மன் கார்னரிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக, துண்டு பறந்து வந்தது. நியூயார்க் விதியில் துண்டுக்கு மதிப்பில்லை. நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்து வீசிவிட்டு, பிறகு தாமே சண்டையை நிறுத்தினார். கடிகாரம் காட்டியது 2 நிமிடம் 4 விநாடி! இரண்டு ஆண்டுப் பயிற்சி, 124 விநாடிப் பலன். (கைதட்டல்)

இந்த ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர். அதே ஆண்டு நவம்பரில் யூதச் சிறுவர்கள் இருவரைத் தம் விடுதி அறையில் ஒளித்துக் காத்தவர். அவர் பெயர் பின்னாலும் வரும்.

இனி காசுக்கு வருகிறேன். உண்மையில் இதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

லூயிஸ் 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் அன்றைய சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாம் ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வென்றார். முதல் ரவுண்டில் தாமும் ஒருமுறை விழுந்து எழுந்துதான் வென்றார். ஆனால் சண்டைக்கு முன்பே ஒரு காகிதம் எழுதப்பட்டிருந்தது. பட்டத்தைப் பணயம் வைக்கச் சம்மதித்ததற்காக, சண்டை ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸ் அடுத்த பத்து ஆண்டு நடத்தும் ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளின் லாபத்தில் பத்து சதவீதம் பிராடக் தரப்புக்கு. பாருங்கள், தோற்றவர் பத்து ஆண்டை அளந்து எழுதி வாங்கிக்கொண்டார். வென்றவர் பதினோரு ஆண்டு எட்டு மாதம் சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காத்தவர். அவர் சண்டைகள் ஈட்டிய தொகை 46 லட்சம் டாலருக்கு மேல், அவர் கைக்கு வந்தது சுமார் எட்டு லட்சம்.

மீதி எங்கே போனது? மேலாளர்களுக்கு. பயிற்சிச் செலவுக்கு. ஜேக்கப்ஸிடம் வாங்கிய முன்பணத்துக்கு. குடும்பத்துக்கு வீடு, கார், படிப்பு. உணவகம், பால் கம்பெனி, இன்சூரன்ஸ், குதிரைப் பண்ணை என்று தொட்டதெல்லாம் நட்டம். வறுமையில் குடும்பம் வாங்கிய அரசு உதவித்தொகையைக்கூட டெட்ராய்ட் நகரத்துக்குத் திருப்பிக் கட்டிய மனிதர் அவர். நெஞ்சில் ஈரம் குறைந்து அழியவில்லை.

1942 ஜனவரி 9: பட்டி பேர் என்ற வீரரோடு சண்டை, வருமானம் கடற்படை நிவாரண நிதிக்கு. கறுப்பரைச் சமையல், பரிமாறும் வேலைக்கு மேல் உயர்த்தாத கடற்படை அது. மார்ச் 27: ஏப் சைமனோடு சண்டை, வருமானம் தரைப்படை நிதிக்கு. இடையில் சாதாரணச் சிப்பாயாக, மாதம் 21 டாலர் சம்பளத்துக்குப் படையில் சேர்ந்தார். கொடுத்தாரே, அந்தப் பணம் பிற்காலத்தில் வரிக் கணக்கில் அவர் வருமானமாகவே ஏறியது. அன்றைய அமெரிக்க விதியில் நன்கொடைக்கு வருமானத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கழிவு கிடையாது. இதை முன்கூட்டியே சொல்ல அவருக்கென்று ஒரு கணக்கர் இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். அவர் கடலிலேயே போட்டார்.

1946-இல் பில்லி கானோடு மறுசண்டை. ரிங்கோர இருக்கை நூறு டாலர். லூயிஸ் பங்கு ஆறு லட்சத்துக்கு மேல். மேலாளர் பங்கு, மணவிலக்குத் தொகை, மாநில வரி போக, மீதியின்மேல் மத்திய வரிக்கு யாரும் எடுத்து வைக்கவில்லை. 1949-இல் ஓய்வு பெற்றார். 1950-இல் வரிப்பாக்கி ஐந்து லட்சம் தாண்டியிருந்தது. அதற்காகவே திரும்ப வந்து எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951 அக்டோபர் 26, 37 வயதில், ராக்கி மார்சியானோ அடித்ததில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். 1953-இல் தாய் இறந்தபோது விட்டுச்சென்ற அறுநூற்றுச் சொச்சம் டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. வட்டி ஏறி 1957-க்குள் பாக்கி பத்து லட்சம் தாண்டியது. 59 டாலரில் தொடங்கியவர் கழித்தல் குறியில் வந்து நின்றார். மல்யுத்தம் ஆடினார். லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் வருவோரை வரவேற்றார். 1981 ஏப்ரல் 12 அன்று கண் மூடினார். போருக்குப் பின் ஜெர்மனியில் கோகோ கோலா வியாபாரத்தில் நிலைத்துவிட்ட ஷ்மெலிங் இறுதிச் செலவில் பங்கெடுத்தார்.

மேலாளர் பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்களே, எதன்மேல் சதவீதம் என்று எழுதுகிறீர்களா? பரிசுத்தொகை நூறு என்று வையுங்கள். பயிற்சி, பயணம், மருத்துவம் எல்லாம் இருபது. மேலாளருக்கு முப்பது சதவீதம். நூற்றின்மேல் முப்பது போய், செலவு இருபதும் வீரன் தலையில் விழுந்தால் அவனுக்கு ஐம்பது. செலவைக் கழித்த எண்பதின்மேல் கணக்கிட்டால் மேலாளருக்கு இருபத்து நான்கு, வீரனுக்கு ஐம்பத்தாறு. ஒரு சண்டைக்கு ஆறு. பத்துச் சண்டைக்கு அறுபது, அதாவது ஒரு முழுச் சண்டையின் கூலிக்கு மேல். ஒரே ஒரு சொல் எழுதாததால்!

அமெரிக்காவிலேயே இதற்குச் சட்டம் வர 2000 ஆயிற்று. முகம்மது அலி பெயரால் வந்த அந்தச் சட்டம், ஏற்பாட்டாளர் தாம் எவ்வளவு எடுக்கிறார் என்பதை வீரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஏற்பாட்டாளர் தொழிலில் மேலாளருக்குப் பங்கு கூடாது என்கிறது. கலிஃபோர்னியாவில் 1982 முதல் வீரர் ஓய்வூதிய நிதி உண்டு. நுழைவுச் சீட்டிலிருந்து ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது. பார்க்க வருபவர் கொடுக்கும் அந்தச் சில்லறை, அடி வாங்கியவரின் முதுமைக்குச் சேர்கிறது. இது பிச்சையல்ல, கூலியின் பாக்கி.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கோல்ஃப் கதையை இன்னொரு மேடையில் சொல்கிறேன். சங்கத்தின் முன் நான் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான். ஒப்பந்தம் வீரருக்குப் புரியும் மொழியில், இரண்டு நகல். ஒன்று அவர் வீட்டில் இருக்க வேண்டும். பரிசுத்தொகை வந்த அன்றே வரிப்பங்கு தனிக் கணக்குக்குப் போக வேண்டும்; அதை எடுக்க இரண்டு கையெழுத்து, இரண்டில் ஒன்றும் மேலாளருடையதாக இருக்கக் கூடாது. முன்பணம் ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட சீட்டு, மாதக் கடைசியில் நிலுவைக் கணக்கு. கணக்கர், மேலாளரின் உறவினராக இருக்கக் கூடாது. நுழைவுச் சீட்டுப் பங்கிலிருந்து ஓய்வூதிய நிதி. எந்த நன்கொடையும் கொடுக்கும் முன், வரி எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தீர்மான நகல் வாசல் மேசையில் இருக்கிறது. பெற்றோர் இருவரும் கையெழுத்திடலாம். பதினெட்டு நிரம்பிய வீரர்கள் தாங்களே இடுங்கள், அடியில் தேதி போட மறக்காதீர்கள். வாய்ப்புத் தந்த தலைவர் அவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்த தம்பிகளுக்கும் நன்றி. வணக்கம்.