யப்பான்காரன் வந்த வருசம்

(திருகோணமலையில் நடந்த படக்கதைப் பட்டறையின் இறுதிநாளில் மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விரலெல்லாம் மையோடு முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூட்டிப்போக வந்து பின்வரிசையில் இருக்கிற பெற்றோருக்கும் வணக்கம்.

காலையில் வாசலில் ஒரு தாய் என்னை மறித்து, “ரீச்சர், இவள் எந்த நேரமும் அந்த ஜப்பான் காட்டூனோடதான் கிடக்கிறாள். உது எதுக்கு உதவும்?” என்று கேட்டார். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அதற்கு அம்மம்மாவில் இருந்து தொடங்க வேண்டும்.

என் அம்மம்மாவுக்கு ஆண்டுக்கணக்கு கிடையாது. அவருடைய காலம் இரண்டே துண்டு: யப்பான்காரன் குண்டு போட்ட வருசத்துக்கு முன், அதற்குப் பின். வளவுக் கிணறு வெட்டியது முன். அவர் பெரியபிள்ளையானது பின். எங்கள் வீட்டில் யார் பிறந்தது, யார் செத்தது என்று எதைக் கேட்டாலும் அந்த வருசத்தில் இருந்துதான் விரல்விட்டு எண்ணுவார்.

அந்த வருசம் 1942. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி காலை, இங்கே. முந்தைய டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தை அடித்த நகுமோ என்ற அதே தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் எங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியரின் ‘ஹேர்மஸ்’ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடாவில் ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே வந்து விழுந்தது. உருகி மடங்கிய அந்த இரும்பு இன்றும் அங்கே கிடக்கிறது. அம்மம்மாவுக்கு அப்போது பத்து வயது. உமிக்கரியால் பல் தீட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றாராம். “ஏழு நாள் புகை. வெள்ளை உடுப்பைக் காயப்போட ஏலாது” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது தெரியும், அவர்களும் போனார்கள் என்பதும் தெரியும். போன கதையை மட்டும் அவர் சொன்னதே இல்லை.

யப்பான் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பொருள். 1982இல் ரூபவாஹினி தொடங்கியது ஜப்பான் அரசு கொடுத்த நன்கொடையில்தான். பிறகு அதில் ‘ஓஷின்’ என்ற ஜப்பானிய நாடகம் ஓடியபோது நாடே கண்கலங்கியது. அம்மா சொல்லுவா, அந்த நேரத்தில் அம்மம்மா எழும்பிக் கிணத்தடிக்குப் போய்விடுவார் என்று.

இனி என் கதை. 2004 டிசம்பர் 26. இந்த மண்டபத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு நான் அதை விவரிக்கத் தேவையில்லை. எங்கள் வீடு அலஸ்தோட்டத்தில், கடலைப் பார்த்தபடி இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். வீடு தப்பவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தோம். எனக்குப் பத்து வயது, அம்மம்மாவுக்கு அன்று இருந்த அதே வயது.

நிவாரணப் பெட்டிகள் வரும். போர்வை, பற்பசை, எங்கள் ஒருவருக்கும் அளவில்லாத சப்பாத்துகள். ஒரு பெட்டியின் அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. உள்ளங்கை அகலம், செங்கல் கனம். மட்டை கிழிந்து போயிருந்தது. தாள் சாம்பல் நிறம், மலிவான தாள், அச்சு ஒரே கறுப்பு. பக்கமெல்லாம் கட்டம் கட்டமாகப் படம், எழுத்தெல்லாம் ஜப்பான். அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் மாமாவின் பெட்டியில் பார்த்த பிள்ளைதான் நான். படக்கதை எனக்குப் புதிதல்ல. ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நானும் பக்கத்துப் பாயில் படுத்த சிநேகிதியும் அதை இடப்பக்கத்தில் இருந்து விரித்து வாசித்தோம். வாசித்தோம் என்றுதான் சொல்வேன். ஒரு சிறுமி ஆளில்லாத ரயில் நிலையத்தில் தனியே நிற்கிறாள். ரயில் வருகிறது, ஏறுகிறாள். நடுவில் மழை, சண்டை, அழுகை. பிறகு ஒரு தெரு, ஒரு வீடு. கடைசிப் பக்கங்களில் தாய், தகப்பன், தம்பி எல்லோரும் ஒரு தாழ்ந்த மேசையைச் சுற்றி இருந்து சோறு சாப்பிடுகிறார்கள். தனியாக நின்றவள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே நாங்கள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். என் சிநேகிதியின் தாயைக் கடல் கொண்டுபோயிருந்தது.

தை மாதம் முகாமுக்கு ஒரு ஜப்பானிய வைத்தியக் குழு வந்தது. அதில் இருந்த ஒரு தாதி அக்கா எங்கள் கையில் இருந்த புத்தகத்தைக் கண்டதும் அப்படியே தரையில் இருந்துவிட்டார். “மங்கா, மங்கா” என்றார். மாங்காயைக் கேட்கிறாரோ என்று நினைத்தோம். ஜப்பானில் படக்கதைக்கு அதுதான் பெயராம். பிறகு புத்தகத்தை மெதுவாக வாங்கி, மறுபுறம் திருப்பி, வலப்பக்கத்தில் இருந்து விரித்து, விரலால் வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகக் கட்டங்களைத் தொட்டுக் காட்டினார்.

கதை சோற்று மேசையில்தான் தொடங்குகிறது. ரயில் நிலையத்தில் முடிகிறது.

எனக்கு வந்த கோபத்தை இன்றும் உணர்கிறேன். என் சிநேகிதி கோபப்படவில்லை. புத்தகத்தைத் திருப்பி வாங்கி, எங்கள் பக்கத்தில் இருந்தே விரித்து, முன்போலவே வாசிக்கத் தொடங்கினாள். அந்தத் தாதி அக்கா அவளைத் திருத்தவில்லை. பக்கத்தில் இருந்து அவள் திருப்புகிற வேகத்துக்கு அவரும் பார்த்தார். அவர் கண்ணை நான் பார்த்தேன்.

சரியான ஒழுங்கில் வாசித்தபோதுதான் ஒரு பக்கம் என்னைப் பிடித்தது. முழுப் பக்கத்துக்கும் மூன்றே கட்டம். அடுப்பில் கேத்தில். அதன் மூக்கில் இருந்து ஆவி. வெறும் கதிரை. ஆள் இல்லை, பேச்சு இல்லை. நான் பார்த்த படக்கதைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஓடுவார்கள், சுடுவார்கள், கத்துவார்கள். இதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்து யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்தது. கேத்தில் பக்கத்தில் மட்டும் இரண்டு எழுத்தும் ஒரு கோடும். அது என்ன சத்தம் என்று கேட்டேன். ஆங்கிலம் தெரிந்த ஒரு முகாம் அக்கா மொழிபெயர்த்துச் சொன்னா: “அது ‘ஷீன்’. சத்தமே இல்லாததின்ர சத்தமாம்.”

அமைதிக்கும் ஓர் ஒலிச்சொல் வைத்திருக்கிறார்கள்! அன்று பின்னேரம் முழுக்க அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தாதி அக்கா ‘டொக்கி டொக்கி’ என்று நெஞ்சைத் தொட்டால் நாங்கள் ‘திக்திக்’ என்போம். அவர் ‘கிரா கிரா’ என்று தோட்டைக் காட்டினால் நாங்கள் ‘பளபள’. அவர் ‘ஸா ஸா’ என்று மழையைக் கையால் பொழிந்தால் எங்களிடம் ‘சோ’வென்று ஒரு மழை. இரட்டைக்கிளவி பிரிந்து நின்றால் பொருள் தராது என்று தொல்காப்பியர் சொன்னதை நான் பள்ளியில் படிக்க முன்பே, ஒரு ஜப்பான்காரியோடு சேர்ந்து பாயில் இருந்து படித்துவிட்டேன். ‘ஷீனு’க்கு மட்டும் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அனிமே, அதாவது ஜப்பானியர் செய்கிற அசையும் படம், அதற்குப் பிறகு வந்தது. பஸ் நிலையத்தடியில் ஒரு சிடி கடை. கரண்ட் இருந்தால் படம், இல்லாவிட்டால் மங்காவைப் பார்த்துக் கீறுவது. கொப்பியின் பின்பக்கமெல்லாம் பெரிய பெரிய கண்கள். அசைவதைப் பார்த்துக்கொண்டே எண்ணக் கற்றுக்கொண்டேன். நொடிக்கு 24 சட்டம் (பிரேம்), ஆனால் பல இடங்களில் ஒரே படம் மூன்று சட்டத்துக்கு நிற்கும், அதாவது நொடிக்கு எட்டுப் படம்தான். 1963 ஜனவரி 1இல் ஒசாமு தெசூக்காவின் ‘அஸ்ட்ரோ போய்’ தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது, வாராவாரம் முடித்துக் கொடுக்க அவர்கள் கண்ட வழி அது. குறைந்த காசில் செய்த வேலை. அந்தக் குறைந்த காசின் பாரம் வரைகிறவர்களின் முதுகில்தான் விழுந்தது என்பதையும், முன்வரிசையில் ‘நானும் அனிமேற்றர் ஆகப்போறன்’ என்று சொன்ன தம்பி தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் கண் இமைக்கவும், முடி காற்றில் ஆடவும் எட்டுப் படம் போதும். மீதியை நாங்கள் மனதால் கீறிக்கொள்கிறோம்.

பின்னாளில் இதைச் செய்தவர்கள் யாரென்று தேடிப் படித்தேன். அது என்னைத் தூங்கவிடவில்லை. தெசூக்கா பதின்ம வயதில் ஒசாக்காவின் குண்டுவீச்சைக் கண்டவர். கெய்ஜி நக்காசாவாவுக்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயது. தகப்பனையும் அக்காவையும் தம்பியையும் இழந்தவர், பின்னாளில் அதையே மங்காவாகக் கீறினார். ஹயாவோ மியாசாகி நாலு வயதில், எரிகிற ஊரில் இருந்து வாகனத்தில் தப்பிப் போனவர். அவர் குடும்பத்துத் தொழிற்சாலை சீரோ போர்விமானங்களுக்குப் பாகங்கள் செய்தது. 1942இல் திருகோணமலை வானத்துக்கு வந்தவற்றிலும் சீரோ இருந்தது. இசாவோ தக்காஹாத்தாவுக்கு ஒன்பது வயது. 1945 ஜூன் 29 அதிகாலை ஒக்கயாமாவில் குண்டுக்கு நடுவே வெறுங்காலோடு ஓடியவர். நாங்கள் காட்டூன் என்று சொல்லுகிற இந்தக் கலையைப் பெருமளவில் கட்டி எழுப்பியது குண்டுக்குக் கீழே வளர்ந்த பிள்ளைகள். அந்த வகைப் பிள்ளைகளை எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தக்காஹாத்தா 1988இல் எடுத்த ‘மின்மினிகளின் கல்லறை’ ஒரு சிடியில் எனக்குக் கிடைத்தது. எனக்குப் பதினாறு வயது. வீட்டில் நானும் அம்மம்மாவும் மட்டும். ஜப்பான் படம் என்று சொன்னால் எழும்பிப் போய்விடுவார் என்று, சொல்லாமலே போட்டேன். அண்ணனும் தங்கச்சியும் கோபேயில் ஓடுகிறார்கள், ஊர் எரிகிறது.

“ஆரடி குண்டு போடுறது?”

“அமெரிக்காக்காரன், அம்மம்மா.”

“அப்ப ஆருக்குப் போடுறான்?”

“யப்பானுக்கு.”

எழும்பவில்லை. பிள்ளைகள் இருவரும் பதுங்குகுழிக்குள் இருக்கிற இடத்தில், “அவங்கட பிள்ளையளும் பங்கருக்குள்ளதானோ” என்றார், யாரிடமும் இல்லாமல். சின்னவளிடம் ஒரு ரொபிப் பேணி இருக்கும். ரொபி முடிந்துபோகும். அண்ணன் வெறும் பேணிக்குள் தண்ணீர் விட்டுக் கலக்கி அவளுக்குக் குடிக்கக் கொடுப்பான். அந்த இடத்தில் அம்மம்மா, “நிப்பாட்டு பிள்ளை” என்றார். நிறுத்தினேன்.

“தம்பிக்கு நான் பனங்கட்டிக் குட்டானை நனைச்சுக் குடுத்தனான்.”

எந்தத் தம்பி? அம்மம்மாவுக்குத் தம்பி இருந்ததே எங்கள் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வயது. குண்டு விழுந்த அடுத்த நாள் தம்பலகாமத்துக்கு நடந்தபோது அவர்தான் இடுப்பில் தூக்கிப் போயிருக்கிறார். வழியில் பசி. பனங்கட்டி முடிந்து, ஓலைக் குட்டான் மட்டும் மிச்சம். அதை வாய்க்கால் தண்ணீரில் நனைத்துச் சப்பக் கொடுத்திருக்கிறார். அந்த மாரிக்குள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. அறுபத்தெட்டு வருசம் அந்தப் பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை. நின்றுபோன திரைக்கு முன்னால் இருந்து, கரண்ட் போகும்வரை சொன்னார். போன பிறகும் இருட்டில் சொன்னார்.

காலையில் கேட்ட அம்மாவுக்கு நான் வைத்திருக்கிற பதில் இதுதான். எல்லா மங்காவும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். வெட்டும் குத்துமாகப் பக்கத்தை நிரப்புகிறவையும் உண்டு. ஆனால் உங்கள் மகள் பார்க்கும்போது ஒருநாள் பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கள். அவளுக்கு நீங்கள் சொல்லாத கதை ஏதும் உங்களிடம் இருக்கலாம்.

நான் கீறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பன்னிரண்டு பக்கம். முற்றம், உமிக்கரி, புகை, தம்பலகாமத்து வாய்க்கால். எங்கள் வழக்கப்படி இடமிருந்து வலம். வாய்க்காலின் ஒரு வளைவுக்காக மூன்று தரம் சைக்கிளில் போய்ப் பார்த்து வந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரே கட்டம், வரம்பில் கிடக்கிற வெறும் குட்டான். பக்கத்தில் எந்த ஒலிச்சொல்லும் போடவில்லை.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தம்பியை இடுப்பில் வைத்து நடக்கிற பக்கத்தில் கை நின்றது. “அரைஞாண் கீறேல்லையே நீ” என்றார். நான் பென்சிலை எடுக்கமுன் அவரே எடுத்தார். பென்சில் பிடித்துப் பழகாத கை. பிள்ளையின் அரையைச் சுற்றி நடுங்கி நடுங்கி ஒரு கோடு இழுத்தார், முடிகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சும் போட்டார்.

அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். போகும்போது மேசையடியில் பார்க்கலாம்.