கவுன்சிலர் பார்க்குக்கு வந்தாங்க, நம்ம ஆளுங்க எங்க?

எல்லாருக்கும் வணக்கம். டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்லேருந்து பேசறேன். காலைல இந்த பார்க்ல எங்க வார்டு கவுன்சிலர் வந்து, குறை கேக்க ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. கூடவே மாநகராட்சி ஜேஇ, அதாவது ஜூனியர் இன்ஜினியர், துப்புரவு சூப்பர்வைசர் எல்லாரும். எங்க பாக்கெட்ல, அதாவது எங்க குடியிருப்புப் பகுதில, இத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கு, வந்தது ஒரு மாமியும் நானும்தான். எனக்கு மனசு கேக்கல, அதான் இந்த வீடியோ.

கேட்டா "இந்தி சரளமா வராதே"ங்கறாங்க. அந்த மாமிக்கு மட்டும் வருதா? நேரா எழுந்து, "நாலா சாஃப் கியா, கச்சரா வஹீ ரக்கா"ன்னாங்க. சாக்கடைக் கால்வாயைச் சுத்தம் பண்ணீங்க, குப்பையை அங்கேயே வெச்சுட்டீங்கன்னு அர்த்தம். அவ்ளோதான். கவுன்சிலருக்குப் புரிஞ்சுடுச்சு, "சலியே, திகாயியே", அதாவது வாங்க, காட்டுங்கன்னு எழுந்து நடந்துட்டாங்க.

விஷயம் என்னன்னா, மழைக்கு முன்னாடி நாலாவைத் தூர் வாருவாங்க இல்லையா, வாரின சேறு கரையிலேயே கிடக்கு. இதோ பாருங்க, கிட்ட காட்டறேன். மேல காஞ்சு வெடிச்சிருக்கு, குச்சியை விட்டா உள்ள இன்னும் கொழகொழன்னு கருப்பா வருது. பால் பாக்கெட், தேங்கா மட்டை, ஒத்தச் செருப்பு எல்லாம் இருக்கு. ஒரு மழை பேஞ்சா மொத்தமும் திரும்ப உள்ளதான் போகும். அப்புறம் வாரி என்ன பிரயோஜனம்?

ஜேஇ சொன்னது, ஈரச் சேத்தை லாரில ஏத்தினா ரோடெல்லாம் ஒழுகும், ரெண்டு மூணு நாள் காய விட்டுத்தான் எடுக்கணும்னு. அது நியாயம்தான். ஆனா மாமி விடல, "காய்ஞ்சு போச்சே, எப்ப எடுப்பீங்க?"ன்னாங்க. அங்கேயே கவுன்சிலர் கான்ட்ராக்டருக்கு போன் போட்டு, புதன்கிழமைக்குள்ள எடுக்கணும்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எனக்குப் பிடிச்சது அதுதான். "பாக்கறேன்"னு சொல்லிட்டுப் போகாம, ஒரு கிழமை சொன்னாங்க.

இன்னொண்ணும் நல்லா பண்ணாங்க. தன் கையில இல்லாததை இல்லன்னே சொன்னாங்க. பாதாளச் சாக்கடை பொங்குதுன்னு ஒருத்தர் கத்தினாரு. அது ஜல் போர்டு, அதாவது குடிநீர் வாரியத்தோட வேலை, 1916-க்கு அடிச்சு கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்குங்க, அந்த நம்பரைப் போட்டு நானும் லெட்டர் தரேன்னாங்க. அறுபது அடிக்கு மேல அகலமான ரோடு பிடபிள்யூடி, அதாவது பொதுப்பணித் துறை. குப்பை, உள் ரோடு, கொசு மருந்து, தெரு நாய், இதெல்லாம்தான் மாநகராட்சி. இது தெரியாமலேயே பாதி பேர் வருஷக்கணக்கா தப்பான கதவைத் தட்டிட்டு இருக்காங்க.

நாய் பேச்சு வந்ததும் சண்டையே வந்துடுச்சு. தூரமா கொண்டுபோய் விடுங்கன்னு ஒரு கூட்டம். தெருவுல பிடிச்ச நாயை கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, பிடிச்ச இடத்துலயேதான் விடணும், வெறி நோய் இருக்கறதையும் கடிக்கற சுபாவம் உள்ளதையும் மட்டும்தான் விடக் கூடாது, 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் சொல்லுச்சுன்னு கவுன்சிலர் பொறுமையா விளக்கினாங்க. பாதி பேர் சமாதானமாகல. பள்ளிக்கூடத்துக்குப் போற குழந்தைங்க இருக்கற வீட்டுக்காரங்க கோபமும் எனக்குப் புரியுது.

சில பேருக்கு நம்ம கவுன்சிலர் யாருன்னே தெரியல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. 2022-ல மூணு மாநகராட்சியையும் ஒண்ணாக்கி, 272 வார்டை 250 ஆக்கினாங்க. டிசம்பர்ல தேர்தலும் வந்துடுச்சு. எல்லை மாறினதுல பல தெரு வேற வார்டுக்குப் போயிடுச்சு. உங்க தெரு எதுலன்னு முதல்ல பாத்து வெச்சுக்கோங்க.

கேக்கும்போது ஒரே ஒரு விஷயம். "எங்க ஏரியா மோசம்"னு சொல்லாதீங்க. எந்த கேட், எந்த கம்பம், எத்தனை நாளா, இத சொல்லுங்க. போட்டோ வெச்சுக்கோங்க. மாநகராட்சியோட 155305-ல புகார் பண்ணியிருந்தா அந்தப் புகார் நம்பரைக் காட்டுங்க. நம்பர் இருந்தா அவங்களும் ஆபீஸ்ல போய் அழுத்திக் கேக்க முடியும்.

வாட்ஸாப் குரூப்ல தமிழ்ல நாம புலம்பறது எதுவும் அவங்க காதுக்குப் போகப் போறதில்லைங்க. அடுத்த தடவை வாங்க. இந்தி வரலன்னா என் பக்கத்துல நில்லுங்க, நான் சொல்றேன். புதன்கிழமை சாயந்திரம் இதே நாலாகிட்ட போய் நின்னு, சேறு எடுத்தாச்சா இல்லையான்னு வீடியோ போடறேன்.