இடமில்லை, காசில்லைன்னு நல்ல நாயை ஊசி போட்டுச் சாகடிக்கலாமா?

கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "எங்க ஊர்ப் பக்கம் ஒரு சின்னக் காப்பகம் இருக்குதுங்க டாக்டர். நாய் நிறைஞ்சு போச்சு, தீனிக்கே கடன். அமெரிக்காவுல இடமில்லைன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிடறாங்களாமே, இங்கயும் அப்படிச் செஞ்சா அதுகளுக்கு நல்லதுதானே?"

இல்லைங்க அக்கா. சட்டமும் விடாது, என் மனசும் ஒப்பாது.

அங்க நடக்கறது உண்மைதான். ஏ.எஸ்.பி.சி.ஏ.ங்கற அமெரிக்க விலங்கு நல அமைப்போட 2019 கணக்குல, காப்பகங்கள்ல வருஷத்துக்குச் சுமார் 3,90,000 நாய் சாகடிக்கப்பட்டுச்சு. நோய் முத்தினது, கடிச்சே பழகினது எல்லாம் அதுல சேர்த்தி. ஆனா யார் வீட்டுக்கும் போய் ஒட்டிக்கக்கூடிய நாயும், கூண்டு காலியாகணும்ங்கற ஒரே காரணத்துக்காகப் போகுது. பூனையும் சேர்த்து 2011-ல 26 லட்சமா இருந்தது, 2019-ல 9,20,000-க்கு வந்திருச்சு. ஜனங்க தத்தெடுக்கறது கூடுச்சு, தொலைஞ்ச நாய் சொந்தக்காரங்ககிட்டத் திரும்பிச்சு. அதனால குறைஞ்சதுங்க.

நம்ம நாட்டுல 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிப்படி, தெருநாயா இருந்தா தீராத நோய், பிழைக்க முடியாத காயம், இதுக்கு மட்டும்தான் கருணைக்கொலை. அதையும் ஒரு குழு பார்த்துச் சொல்லணும், டாக்டர்தான் செய்யணும். இன்னொரு நாய் பார்க்க ஒரு நாயைச் சாகடிக்கக் கூடாதுன்னும் அதுல எழுதியிருக்குது.

மூளை வரைக்கும் தாக்கற டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோய் முத்தின நாயைப் பார்த்திருக்கீங்களா? தாடை தன்னால மென்னுக்கிட்டே இருக்கும், நெத்தித் தசை துடிக்கும், தண்ணியைக்கூட நக்க முடியாது. அதுக்கு ஊசி போடறதை நான் கருணைன்னுதான் சொல்வேன். பக்கத்துக் கூண்டுல கம்பிக்கு வெளிய மூக்கை நீட்டிக்கிட்டு வாலை ஆட்டற கருப்புப் பொட்டை நாய்க்கு என்னங்க நோய்? காப்பகத்துல பணமில்லைங்கறது அதோட வியாதி இல்லையே.

அதுக்காக எல்லாத்தையும் அடைச்சு வெச்சுக்கிட்டே இருங்கன்னும் சொல்லலை. கூட்டம் கூடினா, பார்வோங்கற வயித்துப்போக்கு வைரஸ் ஒரு குட்டிக்கு வந்தாப் போதும், வரிசையாக் கழிஞ்சே சாகும். அந்தச் சாவு ஊசியை விடக் கொடுமைங்க. அதனால புதுசா எடுக்கறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. மீறி வர்ற குட்டியைத் தனியா வெச்சுத் தடுப்பூசி போடட்டும், 20 வாரம் ஆகற வரைக்கும் ரெண்டு மூணு வாரத்துக்கொருக்கா திரும்பப் போடணும்.

உங்க பக்கம் கருத்தடை பின்தங்கினதும் இந்த நெருக்கடிக்கு ஒரு காரணம். கேரள அரசோட மகளிர் குழுவான குடும்பஶ்ரீ பெண்கள் செஞ்சுக்கிட்டிருந்தாங்க, விலங்கு நல வாரிய அங்கீகாரம் இல்லைன்னு 2021-ல கேரள ஹைகோர்ட்டு நிறுத்திருச்சு. 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுல புடிக்கற நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாதுன்னிருச்சு. அதுகளும் காப்பகத்துக்குத்தான் வரும். பஞ்சாயத்துல போய்ப் பணம் கேளுங்க, கூசாதீங்க. நாய்க் கட்டுப்பாடு அவங்க பொறுப்பு, தர்மம் இல்லை.

அப்புறம், உங்க வீதியில காதுல வெட்டு இல்லாத பொட்டை நாய் எத்தனைன்னு எண்ணி வைங்க. வெட்டு இருந்தா ஆபரேஷன் ஆயிருச்சுன்னு அர்த்தம். இல்லாதது வருஷத்துக்கு ரெண்டு தடவைகூட ஈனலாம். அந்தக் குட்டிகதான் அடுத்த வருஷம் அந்தக் காப்பகத்து வாசல்ல கிடக்கும்.