85 ஆண்டுகள் பணியாத மலைநாடு: பொஹோல் தீவு

நேயர்களுக்கு வணக்கம்.

பிலிப்பைன்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு மணிலா நினைவுக்கு வரும், இல்லையென்றால் புயல் செய்தி. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. அவற்றில் ஒரே ஒரு தீவைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். அதன் பெயர் பொஹோல். நாட்டின் நடுப்பகுதியில், விசயா தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. பக்கத்துத் தீவான செபுவிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தலைநகர் டக்பிலாரனில் இறங்கிவிடலாம். சுமார் 14 லட்சம் பேர் வாழும் தனி மாகாணம்.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களுக்காகப் போகிறார்கள்: சாக்லேட் குன்றுகள், பெரிய கண்ணுள்ள தேவாங்கு போன்ற டார்சியர், பங்லாவ் கடற்கரை. மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பல வருடங்களாக நான் தேடித் தேடிப் படிப்பது, அந்தத் தீவின் உள்நாட்டு மேட்டுநிலத்தில் நடந்த ஒரு நீண்ட போராட்டத்தைப் பற்றி. 85 ஆண்டுகள் நீடித்த போராட்டம் அது.

அதற்கு முன்னால் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொஹோலின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. பவளப் பூச்சிகளும் சிப்பிகளும் சேர்ந்து கட்டிய சுண்ணாம்புப் பாறை, நிலம் மெல்ல மேலெழுந்தபோது வெளியே வந்தது. பிறகு மழை தன் வேலையைத் தொடங்கியது. மழைநீர் சுண்ணாம்பைக் கரைக்கும். வெளியே கரைத்தால் குன்று, உள்ளே கரைத்தால் குகை. கார்மென் என்ற ஊரில் மேடையேறி நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரை குவித்து வைத்த நெல் அம்பாரம் போலக் குன்றுகள். 1,200-க்கு மேல் இருக்கின்றன. எண்ணும் விதத்தைப் பொறுத்து 1,700-ஐத் தாண்டும் என்றும் சொல்வார்கள். மரம் கிடையாது, புல்தான். கோடையில் அந்தப் புல் காய்ந்து பழுப்பேறும்போது வந்த பெயர்தான் சாக்லேட் குன்று. நிறம் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள்.

சரி, குகையை மறந்துவிடாதீர்கள். கதை அங்கேதான் போகிறது.

ஸ்பானியர்கள் இந்தத் தீவுக்கு 1565-ல் வந்தார்கள். தலைவர் மிகேல் லோபஸ் டி லெகாஸ்பி. கரையில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் நம்பவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் போர்த்துகீசியர்கள் வந்து கொள்ளையடித்து, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வெள்ளைத் தோலைக் கண்டாலே ஊர் காலியாகிவிடும் நிலை. நாங்கள் வேறு ஆட்கள் என்று புரியவைத்த பிறகுதான் சிகாடுனா என்ற உள்ளூர்த் தலைவர் பேச வந்தார். இருவரும் உடம்பில் கீறி, சில துளி ரத்தத்தைப் பானத்தில் கலந்து, ஒருவர் ரத்தத்தை மற்றவர் குடித்து நட்புச் செய்துகொண்டார்கள். ஹுவான் லூனா என்ற பிலிப்பைன்ஸ் ஓவியர் 1886-ல் அந்தக் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். இன்றும் ஜூலை மாதம் டக்பிலாரனில் அதன் பெயரால் சந்துகோ திருவிழா நடக்கிறது.

ஆனால் நட்பு வரியாக மாறியது, வரி கட்டாய உழைப்பாக மாறியது. 1621-ல் தம்ப்ளோட் என்ற பூசாரி ஒருவர் பழைய தெய்வங்களின் பெயரால் கிளர்ந்தெழுந்தார். அதை அடக்கிவிட்டார்கள். அடுத்தது அடங்கவில்லை.

இப்போது 1744-க்கு வருகிறேன். வடமேற்குக் கரையில் இனபங்கா என்ற ஊர். இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள், திரும்ப வரும். அந்த ஊரில் பிரான்சிஸ்கோ தகோஹோய் என்பவர் ஊர்த்தலைவர்களில் ஒருவர். அவருடைய சகோதரர் சகாரினோ காவல் பணியில் இருந்தார். ஊரை விட்டு ஓடிய ஒருவனைப் பிடித்து வரும்படி பாதிரியார் காஸ்பர் மொராலெஸ் அவரை அனுப்பினார். மலைக்குப் போன இடத்தில் கைகலப்பு, சகாரினோ உயிரை விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறையில் அடக்கம் செய்ய முடியாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். ஒற்றைக்கு ஒற்றை சண்டையில் செத்தவனுக்குத் திருச்சபைச் சடங்கு கிடையாது என்பது அவர் சொன்ன காரணம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அனுப்பியவரே அவர்தான். அவர் இட்ட வேலைக்காகப் போய்ச் செத்தவன். நம் வீடுகளில் எவ்வளவு பகை இருந்தாலும், சாவு விழுந்துவிட்டால் முதலில் எடுப்பு நடக்கட்டும், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்போம். அங்கே மூன்று நாள் உடல் கிடந்தது என்கிறார்கள். கடைசியில் தகோஹோயே தன் சகோதரனை மண்ணுக்குள் வைத்தார். பிறகு மக்களைத் திரட்டினார். இனி வரி இல்லை, ஊழியம் இல்லை, மலைக்கு வாருங்கள் என்றார். முதலில் மூவாயிரம் பேர் வந்தார்கள். பாதிரியார் மொராலெஸ் கொல்லப்பட்டார்.

ஒரு குடும்பத்தின் துக்கம் மட்டும் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்காது. வரியும் ஊழியமும் ஏற்கெனவே ஊரையே நெருக்கிக்கொண்டிருந்தன. அடக்கம் மறுக்கப்பட்டது கடைசிச் சுமை.

மலைக்குப் போனவர்கள் ஒளிந்து மட்டும் வாழவில்லை. காடு திருத்தினார்கள், பயிர் செய்தார்கள், ஊர் கட்டினார்கள், தங்கள் ஆட்சியைத் தாங்களே நடத்தினார்கள். சமயம் பார்த்துக் கரையோரப் படைகளைத் தாக்கினார்கள். துரத்தி வந்தால் குகைக்குள். இப்போது தனாவோ என்று அழைக்கப்படும் ஊரில் அவர்கள் தங்கிய குகையைக் காட்டுகிறார்கள். மழை கரைத்த அந்தச் சுண்ணாம்புப் பாறை இல்லாமல் இந்தப் போராட்டம் இவ்வளவு காலம் தாக்குப் பிடித்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எவ்வளவு காலம்? 1744 முதல் 1829 வரை. மணிலாவில் இருபது கவர்னர்கள் மாறினார்கள். ஆயர்கள் சமாதானம் பேசிப் பார்த்தார்கள், துறவிகள் மலையேறிப் போய்ப் பேசிப் பார்த்தார்கள், மன்னிப்பு அறிவித்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. போராட்டம் தொடங்கிய வருடம் மலையில் பிறந்த குழந்தை, பேரன் பேத்தி எடுத்து, ஸ்பானிய அரசுக்கு ஒரு காசு வரி கட்டாமல் முதுமையில் கண்மூடியிருக்கலாம். தகோஹோயும் இடையில் இறந்துபோனார். ஆனாலும் மலை பணியவில்லை. கடைசியில் கவர்னர் ரிகாஃபோர்ட் பெரும்படை அனுப்பியபோதுதான் முடிந்தது. சரணடைந்தவர்கள் 19,420 பேர். அவர்களைத் தண்டிக்காமல் மன்னித்து, புதிய ஊர்களில் குடியமர்த்தினார்கள். பதுவான், கதிக்பியான் முதலிய ஊர்கள் அப்படி உருவானவை. பிலிப்பைன்ஸ் வரலாற்றிலேயே மிக நீண்ட கிளர்ச்சி இதுதான். மீண்டும் சொல்கிறேன், 85 ஆண்டுகள்.

இப்போது கரைக்கு வருவோம். அங்கே அதே பவளக் கல்லை அறுத்துத்தான் தேவாலயங்களைக் கட்டினார்கள். பக்லயோன், லோபோக், லோவோன், மரிபோஹோக் என்று வரிசையாக இருக்கின்றன. சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மிஞ்சிய மஞ்சள்கரு வீட்டு அடுப்புக்குப் போய் இனிப்புகளானது. பக்லயோன் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லுக்குள் பவளத்தின் சிறு சிறு துளைகள், சிப்பியின் வரிகள் அப்படியே தெரியும்.

2013 அக்டோபர் 15, காலை 8 மணி 12 நிமிடம். 7.2 அளவு நிலநடுக்கம். 200-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பக்ரீத் விடுமுறை, பள்ளிகள் மூடியிருந்தன. இல்லாவிட்டால் சாவு எத்தனையோ மடங்கு கூடியிருக்கும். லோவோன் தேவாலயம் தரைமட்டமானது. நிலம் எங்கே வெடித்து மேலெழுந்தது தெரியுமா? அதே இனபங்காவில். வயலுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் பாறைச் சுவர் ஒன்று சில நொடிகளில் எழுந்து நின்றது. அப்படியொரு பிளவு அங்கே இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. மரிபோஹோக் மக்கள் தங்கள் தேவாலயத்தின் இடிந்த கற்களைப் பொறுக்கி, பிரித்து, அடுக்கி வைத்தார்கள். லோவோன் தேவாலயம் 2021-ல் மீண்டும் திறக்கப்பட்டது. 2023-ல் யுனெஸ்கோ பொஹோலை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் இது.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலைய நண்பர் சைகை காட்டுகிறார். உப்பைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்புர்கெர்கே என்ற ஊரில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் கடல்நீரில் ஊறவைத்து, காயவைத்து, எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பல் வழியே கடல்நீரை வடிகட்டி, மண்பானைகளில் காய்ச்சுகிறார்கள். நீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவில் பானையின் அடி விரிந்து உடைய, முழு உருண்டையாக உப்பு நிற்கும். அதைச் சோற்றின் மேல் துருவிக்கொள்வார்கள். உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்ற 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இதை விற்பது கடினமாகி, இப்போது சில குடும்பங்களே செய்கின்றன. போகிறவர்கள் ஒரு பானை உப்பாவது அவர்களிடம் நேரில் வாங்குங்கள்.

டார்சியரைப் பார்க்க விரும்பினால் கோரெல்யா சரணாலயத்துக்குப் போங்கள். பகலில் அது தூங்கும் பிராணி. சத்தம் போடாதீர்கள், கேமராவில் ஃபிளாஷ் வேண்டாம். பங்லாவ் கடற்கரைக்கு நேரமில்லாமல் போய்விட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.